ஒத்திகை மழை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் தலையில் நானே கை வைத்துச் சொல்கிறேன். வழுக்கைத் தலை என்பதால் சத்தியம் நழுவிவிடாதபடி சற்று அழுத்தியே வைத்திருக்கிறேன்.

முதலில் பிசகாகத் தெரிந்தது சின்ன விஷயம்தான். அழித்த மழை பெய்துகொண்டிருந்தது.

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் கணினி பார்க்கும் அவளுக்கு மழைக்காரி என்று பெயர். மலையிலுள்ள மழைமானிகள் அனுப்பும் அளவுகளைக் கணினிக்குள் கொட்டினால், மண் எவ்வளவு குடிக்கும், மிச்சம் எந்த ஓடையில் இறங்கும், பாலத்தை எப்போது தொடும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். கோடையில் வானம் கையை விரித்துவிடுவதால், கணக்கு துருப்பிடிக்காமலிருக்க இவர்களே ஒரு பொய் மழையை எழுதி உள்ளே விடுவார்கள். ஒத்திகை மழை. பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும். கழிப்பறைக்குப் போனவர் தண்ணீர் ஊற்றுவது போல, அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மதியம் அவள் கஞ்சத்தனம் பார்க்காமல் வானத்தையே மலைமேல் கவிழ்த்திருந்தாள். ஒத்திகைக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் திறக்கச் சோம்பல்பட்டு, நிஜ ஆற்றின் கணக்கிலேயே மழையை விட்டிருந்தாள். அழிக்கவும் செய்தாள். ஆனால் திரையில் ஆற்றின் மட்டத்தைக் காட்டும் நீலக்கோடு இறங்கவில்லை. ஆளில்லாத அந்த மாடி அறையில், மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிட, சூடேறிய கணினியின் வாசனைக்கு நடுவே, மண் நனைந்தால் வருமே அந்த வாசனை, எங்கிருந்தென்று தெரியாமல் மெல்லக் கசிந்து மூக்கில் ஏறியது.

மறுபடி அழித்தாள். கோடு ஏறியது.

மலையின் மழைமானிகளைப் பார்த்தாள். எல்லாம் பூஜ்யம். ஆனால் பாலத்தடியில் இருக்கும் நீர்மட்டக் கருவி, நிஜமான இரும்புக் கருவி, பொய் மழையின் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தது.

பாலத்துக் காவலருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஆத்துல தண்ணி வருதா?"

"மணல்ல நாய்தான் படுத்துக் கிடக்கு. ஏம்மா, வெயில் தலைக்கேறிடுச்சா?"

"அளவுக் கம்பத்தைப் பாருங்க."

அவர் செருப்பு மணலில் சரசரக்கும் சத்தம். அப்புறம் நின்றது.

"கம்பம் நனைஞ்சிருக்கும்மா. என் உயரத்துக்கு. சுத்தி ஒரு சொட்டு இல்ல." மூச்சு வாங்கினார். "நாய் எழுந்திரிச்சு நீந்துது."

"நீந்துதா? எதுல?"

போன் அறுபடவில்லை. ஏதோ குடத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

ஊரை எச்சரிக்கும் சங்கை ஊத மேலதிகாரியின் கடவுச்சொல் வேண்டும். அவரை வீட்டில் பிடித்தாள்.

"மழைமானி என்ன சொல்லுது?" என்றார்.

"பூஜ்யம் சார். ஆனா ஆறு..."

"அப்ப நானும் பூஜ்யம்தான் சொல்லணும். ஒரு மானியாவது நனையாம சங்கைத் தொடக்கூடாதுங்கறது விதி. இந்த வெயில்ல ஊதினா ஜனங்க நம்மளைத் தூக்கி ஆத்துல போடும். அதுல தண்ணிகூட இல்ல, அடிபடும். போய் டீ குடிம்மா."

வைத்துவிட்டார்.

அவளுடைய தங்கை, கைக்குழந்தையோடு ஆற்றோரத் தெருவில் இருந்தாள். பாலத்துக்குக் கீழே முதல் வீடு. அந்தத் தெரு வளைந்து வந்து அலுவலகத்தின் ஜன்னலுக்கு அடியில்தான் முடியும். ஓடிப் போய்ச் சேருவதற்குள் நீலக்கோடு அங்கே போய்விடும். அதைக் கணக்குப் போட அவளுக்குக் கணினி தேவைப்படவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள்.

"அடியே, குழந்தையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடு."

"இப்பதான் தூங்க வெச்சேன். எழுப்பிவிட்டா நீதான் வந்து தாலாட்டணும். உன் பாட்டுக்கு அது இன்னும் அழும்."

"வெள்ளம் வருதுடி."

"துணி அப்பளமா காயுது, இவளுக்கு வெள்ளமாம். ஊர்ல ஒருத்தர் நிம்மதியா இருந்தா உனக்குப் பொறுக்காதே." தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, காத்தே இல்ல. கொடியில துணியெல்லாம் ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு நிக்குது."

"எந்தப் பக்கம்?"

"உங்க ஆபீஸ் பக்கம்."

"ஓடு. எதையும் எடுக்காதே. ஓடு."

"இரு, செருப்பு... செருப்பு தானா வாசலைத் தாண்டிப் போகுதுக்கா."

"செருப்பை விடு. குழந்தை."

"தொட்டில் கயிறு தொய்ஞ்சு போச்சு." தங்கையின் குரல் சின்னதாகிவிட்டது. "தொட்டில் மேல போகுது. எனக்கு எட்டல."

அவள் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. மண்வாசனை அணையவில்லை. விசிறியும் தானாக நின்றது. அறை நிசப்தம். போனில் குடத்துச் சத்தம்.

ஜன்னல் திரையை விலக்கினாள்.

வெயில். வெள்ளை வெயில். தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தெருவிளக்குகளின் உயரத்தில் வந்தார்கள். மெதுவாக. படுத்தவாக்கில். கண் திறந்தபடி. காய்ந்த துணி. காய்ந்த முடி, பாசி போல அலைந்தபடி. காவலர் முதலில். அவர் பின்னால் ஒரு நாய். அப்புறம் தெருவே.

ஜன்னலுக்கு நேரே ஒரு தொட்டில் போனது.

அதன் பின்னால் தங்கை. ஒரு கை தொட்டிலுக்கு நீண்டிருந்தது. மறுகை காதோடு போனைப் பிடித்திருந்தது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே போனாள். உதடு அசைந்தது.

"சொல்லுக்கா," என்றது போன். "கேக்குது. சொல்லு."

அன்று அந்த அலுவலகத்துக்கு விடுமுறை. முந்தின நாள் சாயங்காலமே உள்ளே ஒருவரும் இல்லை என்று பார்த்து, கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனவன் அங்கே பியூனாக இருந்த நான்தான்.