காரணம் தெரியாத ஈரம்

இந்த மூலைக்குத் தண்ணீரை நிறுத்தி இத்தனை நாளாகியும் நீ ஏன் காயவில்லை? வடக்கு மூலையில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, புல்லுக்குள் விரலை நுழைத்தபடி ரெஜினா மனதுக்குள் கேட்டாள். மண்ணிடம் வாய்விட்டுப் பேசும் அளவுக்கு அவள் இன்னும் போகவில்லை. ஆனால் பகல் முழுக்கப் பேச ஆளில்லாத வேலை. உள்ளே ஓடும் பேச்சை நிறுத்த எந்த வால்வும் இல்லை.

கொடுங்கையூரின் பழைய குப்பைமேட்டை மூடி, அதன்மேல் அமைத்த கால்பந்து மைதானம் அது. சுற்றிலும் நீல நாற்காலிகள். யாரும் உட்காராததால் வெயிலில் ஒரே சீராக வெளுத்திருந்தன. தினமும் காலையில் அவள் தெளிப்பான்களைத் திறப்பாள், அவற்றின் அடைத்துக்கொண்ட மூக்குத் துளைகளைக் குத்திவிடுவாள், மண்ணின் ஈரத்தை அளக்கும் ஈரமானிகளைத் துடைப்பாள். ஆட்டம் நடக்காத மைதானத்துக்கும் புல்லின் நிலை தெரிய வேண்டும். அது தெரியாமல் முன்கணி என்ற கணிப்புப் பொறியால் முடிவு சொல்ல முடியாது.

வீரர்களின் உடல், தூக்கம், காற்று, புல், எல்லாவற்றையும் வைத்து முன்கணி முடிவைச் சொல்லும். உறுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிட்டால் ஆட்டம் கிடையாது. சொன்ன முடிவே முடிவு. தெரிந்த முடிவுக்காக இருபத்திரண்டு பேர் கால்களை உடைத்துக்கொள்வது வீண் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்கவில்லை. இந்த மைதானத்தில் கடைசியாகப் பந்து உருண்டு இரண்டு வருடமாகிறது.

“இன்னாக்கா, நாத்து நடப் போறியா?”

ஜமுனா. கொடுங்கையூர்ப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஈரத்தில் வந்து நின்றாள்.

“வாயப் பாரு. தள்ளி நில்லு, கால் பதியுது.”

“பதியட்டும்க்கா. யாரு கால் பதிஞ்சிது இங்க?” அவள் வேண்டுமென்றே குதித்தாள். சேறு ரெஜினாவின் கன்னத்தில் தெறித்தது. “நாளைக்கு கோயமுத்தூர்காரிங்களோட மேட்ச். நாங்க தோப்போம்னு தொண்ணூத்தெட்டுல இருந்துச்சு. உன் சேத்தால தொண்ணூத்திரண்டுக்கு எறங்கிடுச்சு, தெரியுமா?”

“ஆடினாலும் தோப்பீங்கடி. அவங்க பெரிய ஆளுங்க.”

“தோக்குறோம். நின்னு தோக்குறோம்.” ஜமுனாவின் சிரிப்பு நின்றது. “ஆடாமலே தோத்துனுகீறோம்க்கா. எப்டிடி தோத்தன்னு எங்கம்மா கேக்குது. பந்தே தொடலம்மான்றேன். இந்த வாட்டியும் தோத்தா டீமையே கலைச்சிடுவாங்க. கடசி மேட்சாவது கையில பந்து படட்டுமே.”

அவள் போன பிறகும் ரெஜினா கன்னத்துச் சேற்றைத் துடைக்கவில்லை. வேறொருவரால் தன்மேல் எதுவும் பட்டு நெடுநாளாயிற்று.

கணவன் தாமஸ் இருந்தபோதும் வீட்டில் சத்தம் இருந்ததில்லை. தம்பதிகள் சேர்ந்திருப்பார்களா என்று சொல்லும் இல்லறக் கணிப்பு வந்தபோது இருவரும் சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். பிரிவு உறுதி என்றது அது. அவன் சாப்பிட்டு முடித்தான், தட்டைக் கழுவி வைத்தான், மறுவாரம் மரியாதையாகக் கிளம்பிப் போனான். ஒரு சண்டைகூட இல்லை. இப்போது சில மாலைகளில் அந்தச் சண்டையை அவள் தேடுவாள். எதற்காக வந்திருக்கும்? அவன் அம்மாவுக்காகவா, பிள்ளை இல்லாததற்கா, குழம்பில் உப்பு குறைந்ததற்கா? யார் முதலில் கத்தியிருப்பார்கள்? கத்தி முடித்தபின், ஒருவேளை, யாராவது சிரித்திருப்பார்களா? முடிவு மட்டும் கையில் இருந்தது. அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டியதெல்லாம் எங்கே போயிற்று என்று யாரிடம் கேட்பது?

காதிலிருந்த செவிப்பொறி ஒலித்தது. ஆட்டக் கழக மேற்பார்வையாளர் துளசிராமன்.

“என்னம்மா, அந்த வடக்கு மூலை?”

“வால்வு நல்லா மூடுது சார். பைப்புல கசிவு இல்ல. அந்த ஈரமானிய எடுத்துக் காய்ஞ்ச பக்கம் வச்சுப் பார்த்தேன், காய்ஞ்சதுன்னு சரியாத்தான் காட்டுது. ஈரம் கீழேருந்து வருது.”

“கீழேருந்து எப்படி?”

“கீழ குப்பை சார். எங்க எது அமுங்குது, எங்க தண்ணி தேங்குதுன்னு யாருக்குத் தெரியும்?”

“அதைத்தான் சொல்றேன். காரணம் தெரியலைன்னா ஈரமானி கோளாறுன்னு சொல்லிடணும். அதுதானே வழக்கம்? நீங்க சொன்னா முன்கணி அந்த மூலையைக் கணக்குல எடுக்காது. தொண்ணூத்தெட்டு வந்துடும். முடிஞ்சது.”

“ஆட்டம்?”

“நீங்க சொல்லலைன்னா தொண்ணூத்திரண்டிலேயே நிக்கும், நாளைக்கு ஆடித்தான் ஆகணும். எதுக்கும்மா ஆட்டம்? காவலுக்கு ஆள், ஆம்புலன்ஸ், பஸ்... அந்தப் பொண்ணுங்க எப்படியும் தோக்கப்போறாங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது விசாரித்த ஒரே ஆள் அவர்தான். “உங்க நல்லதுக்குச் சொல்றேன். காரணம் சொல்லாதவங்களோட பணிக்கணிப்பு இறங்கும், வேலையே போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே வார்த்தைதானே? முன்கணியோட பதிவுல இணைக்கிறேன்.”

இணைத்தார். அவரும் இணைப்பிலேயே இருந்தார். அவருடைய மூச்சு கேட்டது.

இந்த வேலையும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். இங்கே புல்லாவது இருக்கிறது. அந்தப் பயம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

“வடக்கு மூலை ஈரம்,” என்றது பதிவுக்குரல். “காரணம் கூறவும்.”

“தெரியாது,” என்றாள் ரெஜினா.

“அந்தப் பதில் ஏற்கப்படவில்லை. காரணம் கூறவும்.”

“ரெஜினா,” என்றார் துளசிராமன், கெஞ்சுவதுபோல. “கோளாறுன்னு சொல்லுங்க.”

“கோளாறு எதுவும் இல்ல சார். எல்லாம் பார்த்துட்டேன்.”

“காரணம் கூறவும்.”

“தெரியாது,” என்றாள் மறுபடியும், குரலை உயர்த்தாமல். அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.