புயலின் இடது கால் சாக்ஸ்

பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் ஒரு ஹாக்கி வீராங்கனை ஓடிக்கொண்டிருந்தாள். கையில் மட்டை இருந்தது. மட்டையின் நுனியில் பந்து இருந்தது. சட்டையில் பதினொன்று என்ற எண் இருந்தது. முகம் மட்டும் இல்லை.

கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைச் சுவர்தான். அதில் நீல சாக்பீஸால் போட்ட கட்டங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த சின்னக் குழந்தை ஒன்று அதைப் பார்த்துவிட்டு அப்பாவின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"ஏம்மா எப்பவும் முகத்தைக் கடைசியில போடுறே?" என்று மகள் பிரஷ் ஒருமுறை அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"முதல்லயே போட்டுட்டா அது நம்மளையே பார்த்துக்கிட்டு இருக்கும். கையை ஒழுங்கா வரை, காலை ஒழுங்கா வரைன்னு மிரட்டும். எனக்குக் கை நடுங்கும்."

அம்மா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவள். சுவர்களில் படமும் வரைவாள். விடுமுறை நாட்களில் மகளும் கூடவே போவாள். அவளுடைய இரண்டு சடைகளும் ஏதாவது ஒரு டப்பாவில் விழுந்து, நுனியில் சிவப்போ பச்சையோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் தெருவில் எல்லோரும் அவளை பிரஷ் என்று கூப்பிட்டார்கள். வகுப்பு ஆசிரியைகூட ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுவரில் ஓடியவளின் பட்டப்பெயர் புயல். மைதானத்தில் அவள் பந்தோடு கிளம்பினால் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. ஓடும்போது அவளுடைய இடது கால் சாக்ஸ் மட்டும் கணுக்காலுக்கு நழுவிவிடும். பந்து பட்டு அடிபடாமலிருக்க உள்ளே கட்டியிருக்கும் வெள்ளைக் காப்பு பளிச்சென்று தெரியும். எத்தனை தடவை இழுத்துவிட்டாலும் நிற்காது. கடைசியில் அவளே அதை விட்டுவிட்டாள்.

போன வருடம் புயல் ஊர் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தபோது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரு கால் சாக்ஸ் நழுவியிருந்தது. "இது என்ன வியாதி?" என்று ஆசிரியை திட்டியும் யாரும் ஏற்றவில்லை. பெயின்ட் கடை மாமா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். "என் சுவத்துல அவளைப் பெருசா வரைஞ்சு கொடும்மா. மழை முடியட்டும், சுவர் காயட்டும்," என்று அம்மாவிடம் சொன்னார்.

மழை முடிந்தது. சுவர் காய்ந்தது. அம்மா வரையத் தொடங்கினாள். புது சீசனும் வந்தது. ஆனால் புயலுக்குக் கோல் வரவில்லை.

அவள் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. கோல் காப்பாளரின் காலில் பட்டது. ஒருமுறை பாவம், நடுவர் மேலேயே பட்டது.

"புயலாம் புயல்! எங்க வீட்டு ஃபேன்ல இதைவிட நல்லா காத்து வருது," என்றார் பஸ் டிரைவர். நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளியில் சாக்ஸ்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. இந்தத் தடவை ஆசிரியை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கடைசியில் பிரஷ்ஷின் இடது கால் மட்டும் பாக்கி இருந்தது.

"உங்கம்மா முகம் போடாததே நல்லது," என்றான் அவள் வகுப்பில் படிக்கும் குண்டூசி. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. "இப்ப அவளுக்கு முகத்தை வெளிய காட்டவே வெக்கமா இருக்கும்."

பிரஷ்ஷுக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு நல்ல பதில்கள் எப்போதும் வீட்டுக்குப் போய் கை கழுவும்போதுதான் வரும்.

சனிக்கிழமை காலையில் பெயின்ட் கடை மாமா சுவருக்கு எதிரே வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். அப்படிக் கட்டினால் ஏதோ சொல்லக் கஷ்டப்படுகிறார் என்று அர்த்தம்.

"தங்கச்சி, முகம் இன்னும் போடலையே?"

"நாளைக்குப் போடலாம்னு இருக்கேண்ணே."

"அதான் நல்லதாப் போச்சு. நம்ம அணியில புதுசா ஒரு பொண்ணு ஆடுறாளே, பதினாறாம் நம்பர். கோலா போட்டுத் தள்ளுறா. அவ முகத்தைப் போட்டுடு. நம்பரை மட்டும் மாத்திட்டா போதும், உடம்பு அப்படியே இருக்கட்டும்."

பிரஷ் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். "புயல் என்ன ஆனாங்க மாமா?"

"என்ன ஆவா? கடைக்கு வர்றவன் எல்லாம், 'என்ன மாமா, உங்க புயல் கரையைக் கடந்துடுச்சா?'ன்னு கேட்டுட்டுப் போறான். எனக்குத் தலைகாட்ட முடியல. ஆட்டக்காரின்னா கோல் போடணும்மா."

"மழைக்காலத்துல உங்க கடைக்கு யாருமே பெயின்ட் வாங்க வர மாட்டாங்களே. அப்ப மட்டும் கடைப் பேரை மாத்துனீங்களா?"

மாமா பின்னால் கட்டிய கையை அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டார்.

"பிரஷ்!" என்று அம்மா அதட்டினாள். ஆனால் அவள் உதட்டின் ஓரத்தில் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டு நின்றது.

"அது வேற, இது வேற," என்றார் மாமா கடைசியில். "சாயங்காலம் வந்து பாக்குறேன்." விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

நல்ல பதில் ஒன்று முதல்முறையாக உரிய நேரத்தில் வந்தும் பயனில்லாமல் போனதே என்று பிரஷ்ஷுக்கு வருத்தமாக இருந்தது.

அம்மா அவள் தலையைத் தடவினாள். "சுவர் அவரோடது குட்டி. நாம என்ன பண்ண முடியும்?" அண்ணாந்து எண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். "அட, அந்த சாக்ஸ் வேற இருக்கே! அது இருந்தா யார் முகத்தைப் போட்டாலும் புயல்தான்னு கண்டுபிடிச்சுடுவாங்க. நான் மருந்துக்கடைப் பலகையை முடிச்சுட்டு வந்து மேல ஏறி நம்பரை மாத்துறேன். கால் உனக்கு எட்டும். அந்த சாக்ஸை முட்டி வரைக்கும் ஏத்திடு. எந்த இடம் வரைக்கும்னு முதல்ல சாக்பீஸால குறி போட்டுக்கோ. சிவப்பு இதோ இருக்கு."

அம்மா போனதும் பிரஷ் சுவரின் கீழே உட்கார்ந்தாள்.

அம்மா அந்த சாக்ஸை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாள்! கணுக்காலைச் சுற்றி மூன்று மடிப்புகள். ஒரு மடிப்பில் கொஞ்சம் சேறு. பார்த்துக்கொண்டே இருந்தால் சுவருக்கு உள்ளே எங்கோ ஒரு பெரிய மைதானம் இருப்பதாகவும், இந்தக் கால் இப்போதுதான் அங்கிருந்து ஓடி வந்ததாகவும் தோன்றியது. சிவப்பில் தோய்த்த தூரிகை அவள் கையில் சொட்டியது. சுவரைத் தொட மனம் வரவில்லை.

எதிரே பஸ் வந்து நின்றது. கிளம்ப நேரம் இருந்ததால் டிரைவர் இறங்கி வந்தார்.

"என்ன பிரஷ், சுவத்துக்குக் காவலா?"

"இல்லண்ணா. சாக்ஸை ஏத்தப் போறேன். புயல் வேண்டாமாம். பதினாறாம் நம்பரை வரையணுமாம்."

"நல்ல முடிவு!" என்றார் டிரைவர். இரண்டடி நடந்தார். திரும்பி வந்தார். "சாக்ஸை ஏத்தணுமா? எவ்வளவு தூரம்?"

"தெரியலண்ணா." பிரஷ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்கள் சாக்ஸின் மேலேயே இருந்தன. அவளுக்குள் ஒரு யோசனை மெல்ல எட்டிப்பார்த்தது. தூரிகையை வைத்துவிட்டு நீல சாக்பீஸை எடுத்து நீட்டினாள். "நீங்களே ஒரு கோடு போட்டுக் கொடுங்களேன். எது வரைக்கும் இருந்தா சரியா இருக்கும்?"

டிரைவர் குந்தி உட்கார்ந்தார். சாக்பீஸை முட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

"போன வருஷம் மழையில ஒரு மேட்ச் ஆடுனாங்களே, ஞாபகம் இருக்கா? பஸ்ஸை ஓரமா நிறுத்திட்டு ரேடியோவுல கேட்டேன். பயணிங்க யாருமே திட்டல. கண்டக்டர் மட்டும் அழுதான்."

"ஏண்ணா?"

"சந்தோஷத்துல." அவர் கை கீழே இறங்கி, மடிப்புகளுக்கு மேலே ஒரு சின்னக் கோடு போட்டது. "இங்க இருந்தாதான் பாக்க நல்லாருக்கு."

"ஆனா இப்பவும் அங்கதானே இருக்கு?"

"அப்படியா?" டிரைவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அடுத்து, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தையல்கடை அக்கா வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"ஐயோ, அந்த சாக்ஸ்ல கை வைக்காதேடி! அது ரப்பர் போன சாக்ஸ்னா நினைச்சே? புதுசு வாங்கிப் போட வசதி இல்லாமலா இருக்கா அவ? எந்த சாக்ஸ் போட்டாலும் அவ ஓட்டத்துக்கு நிக்காது, அவ்வளவுதான்."

"போன வாரம் நீங்கதானேக்கா, 'அவளை உக்கார வெச்சுட்டு வேற ஆளை இறக்கணும்'னு சொன்னீங்க?"

"அது கோபத்துல சொன்னது. நம்ம வீட்டுப் புள்ளையைத் திட்டுறதில்லையா?" நாடாவால் காலை அளந்தார், தலையை ஆட்டினார். டிரைவரின் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டார்.

பிரஷ் யாரோடும் வாதாடவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் சாக்பீஸை நீட்டினாள். ரொட்டி வாங்கப் போனவர், தபால்காரர், பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு கல்லூரி அக்காக்கள். ஒவ்வொருவரும் முதலில் புயலைத் திட்டினார்கள். பிறகு குந்தி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஒரு கதை சொன்னார்கள். கதை முடியும்போது கோடு கணுக்காலுக்கு வந்துவிட்டது.

குண்டூசியும் வந்தான்.

"சாக்பீஸ் கொடு. நான் முட்டிக்கு மேலயே போடுறேன் பாரு."

"போடு."

அவன் சாக்பீஸை வாங்கினான். முட்டியைப் பார்த்தான். கணுக்காலைப் பார்த்தான்.

"ஏத்திட்டா இது யார் காலோ மாதிரி ஆயிடும்ல?" என்று முணுமுணுத்தான்.

"ஆமா. பதினாறாம் நம்பரும் நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா இது அவங்க கால் இல்லையே."

குண்டூசி கணுக்காலில் மிகச் சிறிய கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்தான்.

மாலையில் மாமா வந்தார். அம்மாவும் மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். எண் பதினொன்றாகவே இருந்தது. சாக்ஸ் ஏறவில்லை. கணுக்காலைச் சுற்றி மட்டும் நீலக் கோடுகள், எறும்புக் கூட்டம் போல.

"என்னம்மா இது? காலுக்குக் காயமா?"

"எது வரைக்கும் ஏத்தணும்னு எல்லார்கிட்டயும் கேட்டேன் மாமா. அவங்கவங்க போட்ட கோடு இது. உங்களைக் கிண்டல் பண்ணவங்களும் இதுல இருக்காங்க." பிரஷ் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டை நீட்டினாள். "சுவர் உங்களோடது. நீங்க போடுற கோடுதான் கணக்கு. முட்டியில போட்டீங்கன்னா நான் இப்பவே ஏத்திடுறேன்."



மாமா சாக்பீஸை வாங்கினார். "அம்மாடி" என்று முனகிக்கொண்டே முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பஸ் ஒன்று வந்து போயிற்று. அவர் அசையவில்லை.

கடைசியில் தலையை ஆட்டினார்.

"எல்லாம் தப்பு."

பிரஷ்ஷின் முகம் வாடிப்போனது.

மாமா எல்லாக் கோடுகளுக்கும் கீழே, ஷூவின் விளிம்பை ஒட்டி, அழுத்தமாக ஒரு கோடு போட்டார். "இன்னும் கீழ நழுவும்மா அவளுக்கு! கடைசி நிமிஷத்துல சாக்ஸ் ஷூவுக்குள்ளயே போயிடும். கோப்பை மேட்ச்சை நான் நேர்ல போய்ப் பார்த்தவன். எனக்குத் தெரியாதா?"

"அப்போ பதினாறாம் நம்பர்?" என்று அம்மா கேட்டாள்.

"பின்பக்கச் சுவர் சும்மாதானே இருக்கு," என்றார் மாமா, பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி.

அன்றைய ஆட்டத்தை எல்லோரும் தையல்கடை டிவியில் பார்த்தார்கள். வேலை முடிந்த டிரைவரும் வந்து நின்றார். புயல் நன்றாகத்தான் ஓடினாள். சாக்ஸ் நழுவியது. கடைசி நிமிடத்தில் அவள் அடித்த பந்து பறந்துபோய் மறுபடியும் கம்பத்தில் மோதித் திரும்பியது.

"புயலாம் பு..." என்று தொடங்கிய டிரைவரின் கண் எதிர்ச்சுவருக்குப் போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார். "கம்பம் கொஞ்சம் தடியா இருக்கு. அடுத்த மேட்ச்ல பாக்கலாம்."

மறுநாள் காலை அம்மா ஏணியில் ஏறினாள். முதலில் கழுத்து, பிறகு தாடை. பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள்.

"என்ன முகம் போடட்டும் குட்டி? கோப்பையைத் தூக்கிக்கிட்டுச் சிரிச்சாளே, அதுவா?"

பிரஷ் யோசித்தாள். நேற்று கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பார்த்து புயல் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. அது எங்கே போகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடினாள்.

"அது வேண்டாம்மா. கோல் விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு முகம் இருக்குமே, அதைப் போடு."

அம்மா அதையே போட்டாள். அவள் முன்பு சொன்னது உண்மைதான். முகம் வந்ததும் அது எல்லோரையும் பார்த்தது. ஆனால் மிரட்டவில்லை. நிறுத்தத்தில் நின்ற சின்னக் குழந்தை அப்பாவின் கால்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அதற்குக் கையாட்டியது.

திங்கட்கிழமை வகுப்பில் குண்டூசி பென்சிலை எடுக்கக் குனிந்தபோது, அவனுடைய இடது கால் சாக்ஸ் கணுக்காலில் கிடந்தது.

பிரஷ் பார்ப்பதைக் கண்டதும் அவன் அவசரமாகச் சொன்னான்:

"தானா நழுவிடுச்சு."

"புயலுக்கும் அப்படித்தான்," என்றாள் பிரஷ். இந்தத் தடவை பதில், வீட்டுக்குப் போய்க் கை கழுவும்வரை காத்திருக்கவில்லை.