கரையிலிருந்து வந்த எண்

"பதினொண்ணு" என்று மூடுபனிக்குள்ளிருந்து குரல் வந்தது. சக்திவேல் வழக்கம்போல அதைப் பதிவேட்டில் எழுதி, "சரிங்க" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, பேனாவை மூடும்போதுதான் அவனுக்கு உறைத்தது. தினமும் எண் சொல்கிற தண்ணிக்காரர் ஐயாக்கண்ணு ஊரில் இல்லை. கண் ஆபரேஷனுக்காக நேற்று மத்தியானமே சேலத்துக்குப் போய்விட்டார். இவனேதான் பைக்கில் கூட்டிப்போய் ஒண்டிக்கடையில் பஸ் ஏற்றிவிட்டான்.

தலைச்சோலைக்கு அப்பால் இருக்கிற அந்தச் சின்ன காப்பி எஸ்டேட்டுக்குச் சொந்தமாக ஒரு டேம் உண்டு. டேம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு சரிவுகளுக்கு நடுவே போட்ட மண்கரைதான். புல் அறுப்பது, நண்டு வளைகளை அடைப்பது, மதகைத் திறந்து மூடுவது எல்லாம் ஐயாக்கண்ணுவின் வேலை. காலை ஏழு மணிக்குக் கரையடிக் குழாயில் விழுகிற கசிவை அளந்து எண்ணைச் சொல்வதும் அவர்தான். டேம் பக்கம் செல்போன் எடுக்காது, எதிர்ச்சரிவில் இருக்கும் ஆபீசுக்குக் கத்தினால் கேட்கும். பனி நாட்களில் ஆளே தெரிய மாட்டார், குரல் மட்டும் பள்ளத்தைத் தாண்டி வரும்.

யாராவது விளையாடுகிறார்களோ என்று சக்திவேல் வெளியே வந்து நின்றான். ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது, சில்வர் ஓக் இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீரும், ஈரக் காப்பிச் செடிகளின் பச்சை வாசனையும், எங்கோ ஓடையில் கல் உருளும் ஓசையும் தவிர அந்த வெள்ளைக்குள் வேறு ஒன்றுமே இல்லை. யாரது என்று கேட்டான். பிறகு நிதானமாக, ஐயாக்கண்ணுவின் அதே இழுவையோடு குரல் வந்தது.

"ஒம்போது."

அவன் உள்ளே போய் சேலத்துக்குப் போன் போட்டான். ஐயாக்கண்ணுவின் மகள்தான் எடுத்தாள். அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள், இதோ பக்கத்தில்தான் இருக்கிறார் என்றாள். சக்திவேல் போனை வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தான்.

காப்பிப் பழம் பறிக்கிற பொன்னாயி அந்நேரம் சாக்கு வாங்க வந்தாள். டேம் பக்கம் யாரும் போனார்களா என்று கேட்டான். இந்தப் பனியில் யார் போவார்கள் என்றாள். அவள் காதில் எந்தக் குரலும் விழவில்லையாம். அவளிடம் பேச்சுக் கொடுக்கவென்று, பதிவேட்டைக் காட்டி, ஐயாக்கண்ணு சொல்கிற இந்த எண் என்னவென்று கேட்டான்.

கேட்டிருக்க வேண்டிய நாள் அதற்கு ஒன்பது மாதம் முன்னால். அவன் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தபோது, பழைய ரைட்டர் 'கசிவு' என்று தலைப்பிட்டு வெறும் எண்களை எழுதி வைத்திருந்தார். மணிக்கு எத்தனை பக்கெட் என்பதாக இவனே முடிவு செய்துகொண்டான். பி.காம். படித்தவன் போய்த் தண்ணிக்காரரிடம் அர்த்தம் கேட்பதா என்று ஒரு கூச்சம். மாசியில் நாற்பத்திரண்டு. ஆடியில் முப்பது. புரட்டாசியில் பத்தொன்பது. கசிவு குறைந்துகொண்டே வருகிறது என்று மாதாமாதம் சென்னையில் இருக்கும் முதலாளிக்குச் சொன்னான். அவர் குளிர்ந்துபோய், விருந்தினர்கள் படகு விடட்டும் என்று உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் பலகை அடித்து, நீர்மட்டத்தை இரண்டடி உயர்த்தச் செய்துவிட்டார்.

"பக்கெட்டக் குழாய்க்குக் கீழ வெச்சுட்டு, நெறையற வரைக்கும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவாருங்க" என்றாள் பொன்னாயி. "எண்ணிக்க கொறஞ்சா சீக்கிரம் நெறையுதுன்னு அர்த்தமுங்க. ஏனுங்க ரைட்டரே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சக்திவேல் பதிவேட்டைத் திரும்பப் புரட்டினான், குறைந்த எண்களெல்லாம் கசிவு கூடியதைத்தான் சொல்லியிருந்தன. ஆவணியில் ஐயாக்கண்ணு ஆபீஸ் வாசலில் நின்று, எண்ணிக்கை குறைகிறது, முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்று தலையைச் சொறிந்தது ஞாபகம் வந்தது. சொல்லியாச்சுங்க, அவருக்கு நொம்ப சந்தோசம் என்று இவன் சிரித்ததும். அந்த மனுஷர் இவன் முகத்தையே பார்த்ததன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

கரைக்குக் கீழே, ஓடையை ஒட்டி, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயன். எட்டு வீடுகள். கடைசி வீடு அவனுடையது. அங்கே அவன் மனைவி சுகுணாவும் இரண்டு வயதுப் பாப்பாவும் இந்நேரம் எழுந்திருப்பார்கள்.

எல்லாரையும் மேலே காப்பி காயவைக்கிற களத்துக்கு ஏறச் சொல் என்று பொன்னாயியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினான். ஒரு தப்புக் கணக்கை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்ற சின்ன ஆசை அவனுக்கு அப்போதும் இருந்தது.

கரையடியில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. மேலே கரை தெரியவில்லை, அதன் கனம் மட்டும் தெரிந்தது. இரண்டு வருஷம் முன்பு விறகுக்கு வெட்டிவிட்டு அப்படியே விட்ட மரங்களின் அடிக்கட்டைகள் கரைச்சரிவில் கறுப்பாக நின்றன, அவற்றின் வேர்கள் உள்ளே மக்கிக் குழலாகிப் போயிருக்கும் என்று ஐயாக்கண்ணு எப்போதோ முனகியிருக்கிறார். நீண்ட நாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்த மாதிரி ஒரு வாடை. குழாய் தண்ணீரை ஊற்றவில்லை, விழுங்கி விழுங்கித் துப்பியது. தெளிந்த நீராக இருக்க வேண்டியது, மண் கரைந்து கடுங்காப்பி நிறத்தில் வந்தது.

பக்கெட் அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தான். எண்ணினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு என்று அவன் வாயைத் திறப்பதற்குள் குழாய்க்குள்ளிருந்து "நாலு" என்று கேட்டது.

அவன் அசையவில்லை. பக்கெட் நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீர் கால்விரல்களில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

"அஞ்சு" என்றது கரை.

இந்த முறை அது ஐயாக்கண்ணுவின் குரல் இல்லை. கூர்ந்து கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. அது அவனுடைய குரல். அவன் கத்தும் விதம். அவனுடைய லேசான மூக்கடைப்பு உட்பட.

ஓடினான். செருப்பு எங்கோ போனது. ஓடையின் தண்ணீரும் நிறம் மாறியிருந்தது. லயனுக்குள் புகுந்து ஒவ்வொரு கதவாக அடித்தான், கரை போகுது, களத்துக்கு ஏறுங்க என்று தொண்டை கிழியக் கத்தினான். மாதப்பன் தன் கிழட்டுத் தாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாந்தி இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். சாக்கோடு வீடு திரும்பியிருந்த பொன்னாயி முன்னால் போய் வழி காட்டினாள். வெட்கமெல்லாம் போய்விட்டது. என் தப்பு, என் தப்பு என்று சொல்லிக்கொண்டே அவன் ஆட்களைத் தள்ளினான்.

கடைசி வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. யாரும் இல்லை. முன்னாலேயே ஏறியிருப்பார்கள். நல்லது. அவனும் ஏறினான்.

களத்தில் எல்லாரும் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"சுகுணா எங்க?" என்றான். குரல் கரகரத்துத் தேய்ந்திருந்தது.

பொன்னாயி அவனை ஒருமாதிரி பார்த்தாள். "நீங்கதானுங்க கூப்புட்டீங்க" என்றாள். "நான் ஊட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். பாப்பாவத் தூக்கிட்டுச் சீக்கிரம் கரை மேல வா, சுகுணான்னு. உங்க குரல்தானுங்களே. மேல்பாதைல வேகமாப் போச்சுங்க அந்தப் புள்ள. நீங்களே களத்துல சேர்த்திருப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

அந்நேரம் அவன் கரையடியில் பக்கெட் முன்னால் எண்ணிக்கொண்டிருந்தான்.

காற்று லேசாக அடித்தது. பனி விலகியது. எதிரே கரை தெரிந்தது, முழு நீளத்துக்கும்.

நடுவில் சுகுணா. இடுப்பில் பாப்பா.

அவள் நின்ற இடம் தாழ்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. தொட்டில் துணி தொய்வது போல. அவளுக்குத் தெரியவில்லை. அவள் கீழே பார்க்கவில்லை. கரையில் தனக்கு எதிரே நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீல ஸ்வெட்டர். இப்போது சக்திவேலின் உடம்பில் இருக்கிற அதே ஸ்வெட்டர். அதே உயரம். அதே கூன்.

சுகுணா என்று கத்தினான். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மறுபடியும் கத்தினான். ஒன்றுமில்லை.

"வா கண்ணு" என்று சக்திவேலின் குரல் கரையில் கேட்டது.

பாப்பா சிரித்தாள். கையை நீட்டினாள். எதிரே நின்றவனும் நீட்டினான், அவன் விரல்களிலிருந்து கலங்கல் தண்ணீர் நிற்காமல் ஒழுகியது.

சுகுணா குழந்தையை அவனிடம் கொடுத்தாள்.