வியாழக்கிழமைக் குளியல்

உத்திரமேரூரில் பேருந்தை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஏரிக்கரையோரம் நடந்து ஷாரோன் அந்த மனநலக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை மணி எட்டரை. முன்பு அரிசி ஆலையாக இருந்த கட்டடம். நெல் காயவைத்த சிமெண்ட் களத்தைச் சுற்றி ஆளுயரச் சுவர் எழுப்பிப் பெண்கள் வார்டாக மாற்றியிருந்தார்கள். நர்சிங் முடித்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. பெருநகர் என்ற கிராமத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த குடும்பத்தில் முதல் நர்ஸ் அவள்தான்.

உள்ளே நுழைந்ததும் பினாயில் நாற்றம். அதற்கடியில் மூத்திரம். அதற்கும் அடியில், நனைந்த சாக்குக்குள் எலி செத்துக் கிடப்பதுபோல் இன்னொரு நாற்றம்.

மேனேஜர் முனிரத்தினம் அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஒரு வருஷம் வேல செஞ்சிட்டு வாங்கிக்கம்மா. பாதில ஓடிப் போயிடறாங்க, அதுக்குத்தான்."

அன்று வியாழக்கிழமை. திங்களும் வியாழனும் குளியல் நாள். களத்தில் பெண்களைச் சுவரோரம் நிறுத்தி உதவியாளர் சிட்டம்மாள் ரப்பர் பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். உடம்பில் துணியில்லாமல், கண்ணை இறுக்க மூடி, ஒருவர்மேல் ஒருவர் ஒண்டி நின்றார்கள். காலடியில் மலம் கரைந்து ஓடியது.

"இப்படியாக்கா குளிப்பாட்டறது?" என்றாள் ஷாரோன்.

"நான் ஒருத்தி சிஸ்டர். இன்னா பண்ணச் சொல்ற?"

"பைப்ப நிறுத்துங்க. ஒவ்வொருத்தரா பாத்ரூமுக்கு அனுப்புங்க. நான் தேச்சு விடறேன்."

சிட்டம்மாள் பைப்பைக் கீழே போட்டாள். "தேய். பத்து நாள்ல நீயே பைப்பு புடிப்ப."

களத்தின் மூலையில் இருந்த குளியலறையில் ஷாரோன் வாளியும் சோப்பும் நாருமாக உட்கார்ந்தாள். ஒருத்தி பாடினாள், ஒருத்தி அழுதாள், ஒருத்தி சோப்பைக் கடித்தாள். ஒவ்வொருத்தியாகத் துடைத்து, நைட்டி மாட்டி வெயிலுக்கு அனுப்பினாள். உச்சி வெயில் ஏறிவிட்டது. வாளியை நிரப்பித் திரும்பியபோது இன்னும் ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்தபடி, முழங்காலுக்குள் தலையைப் புதைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு.

"அக்கா, தண்ணி ஊத்தட்டுமா?"

ஊற்றினாள். நாரால் முதுகைத் தேய்த்தாள்.

அழுக்கு வந்தது.

சுருள் சுருளாக, விரல் பருமனுக்கு, கறுப்பாக உருண்டு விழுந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க இன்னும் வந்தது. அடியில் தோல் தெரியவில்லை. மயிர்க்கற்றைகளும் சோற்றுப் பருக்கைகளும் பாய்க்கோரையும் அழுக்கோடு அழுக்காக அப்பியிருந்தன. சாக்கடைத் துளை அடைத்துக்கொண்டு தண்ணீர் ஷாரோனின் கணுக்கால் வரை ஏறியது. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று.

"இன்னும் போவல," என்றது குரல், மெல்ல.

"போயிடும்க்கா."

இடுப்பருகே நாரை அழுத்தினாள். நார் உள்ளே போனது. உள்ளங்கை அகலப் புண். அதற்குள் வெள்ளையாக நெளிந்தன புழுக்கள். ஒன்று அவள் சுண்டுவிரலில் ஏறியது.

நாரை வீசிவிட்டு வெளியே ஓடிச் சுவரோரம் வாந்தியெடுத்தாள்.

"அந்தக் கடைசி அக்காவுக்கு முதுகெல்லாம் புண்ணு, புழு வெச்சிருக்கு. ஏன் டாக்டர்கிட்ட காட்டல?"

சிட்டம்மாள் களத்தைக் காட்டினாள். "பதினோரு பேரும் இங்கதான் உக்காந்துக்கினு கீறாங்க. நீ யாரச் சொல்ற?"

இருவரும் போய்ப் பார்த்தார்கள். குளியலறையில் யாரும் இல்லை. கறுப்புத் தண்ணீர் மட்டும் தேங்கி நின்றது.

சிட்டம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அம்முலு. தாமல் பக்கத்துப் பொண்ணு. அண்ணங்காரனுங்க வுட்டுட்டுப் போனானுங்க. கிட்டப் போனா கடிப்பா. அதனால ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. சன்னல் வழியா சோறு, சன்னல் வழியா தண்ணி. ரெண்டு வருஷம். செத்தப்புறம் தூக்கச் சொல்ல பாயோட ஒட்டிக்கினு கீது உடம்பு. பிச்சித்தான் எடுத்தோம்."

"எடுத்தோம்னா?"

"நானுந்தான்," என்றாள் சிட்டம்மாள்.

மதியம் முனிரத்தினம் மீன் குழம்புச் சோறு தின்றுகொண்டே குளியல் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "திங்கக்கெழமை நர்ஸ் இல்ல. அதுக்கும் சேத்து டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுடு."

பக்கங்களைப் புரட்டினாள். பழைய பக்கங்களில் அம்முலுவின் பெயர் இருந்தது. ஒரு திங்கள், ஒரு வியாழன் விடாமல் 'குளித்தார்'. இரண்டு வருடம். எல்லாவற்றுக்கும் கீழே முனிரத்தினத்தின் கையெழுத்து. அவர் முள்ளை உறிஞ்சித் தட்டோரம் வைத்தார். குழம்பு வழிந்த விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். புழுவைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் அவளுக்கு அப்போது வந்தது.

ஆனால் பீரோ பூட்டியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு பேரையும் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு, ஷாரோன் கதவைச் சாத்தாமல் காத்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. காகம் கத்தியது.

நாற்றம்தான் முதலில் வந்தது.

அதே மூலை. அதே முதுகு.

ஷாரோன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். வாளிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. வாயில் ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே தேய்த்தாள்.

"இன்னும் போவல."

"தேய்க்கிறேன்க்கா."

பின்புறமாக ஒரு கை நீண்டு வந்தது. நகங்கள் வளைந்து சுருண்டிருந்தன. அது ஷாரோனின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலால் அவள் விரல்களைத் தேய்த்தது. பேனா பிடிக்கும் விரல்களை.

கறுப்பாக ஒரு சுருள் உருண்டு வந்தது.

"உங்கையிலயும் கீது," என்றது குரல்.

அன்று மதியம் முனிரத்தினம் பதிவேட்டை நீட்டியபோது அவள் தொடவில்லை. "பழசெல்லாம் பொய் சார். நான் போட்டதும் பொய்தான்." அதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படமெடுத்து மாவட்ட அதிகாரிகளுக்கு அனுப்பியிருந்தாள். சர்டிபிகேட்டை மறந்துவிடு என்று அவர் கத்தினார். பத்தாம் நாள் ஜீப் வந்தது. சிட்டம்மாள் எதையும் மறைக்காமல் வாக்குமூலம் கொடுத்தாள். பெண்களை அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்; கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். பீரோவைத் திறந்த அதிகாரி ஷாரோனின் சான்றிதழ்களை அவள் கையிலேயே கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. டைல்ஸ் பதித்த சுத்தமான குளியலறை. சன்னல் வழியே காலை வெளிச்சம். கூரம் கிராமத்திலிருந்து அன்றுதான் கொண்டுவந்திருந்த செங்கேணி என்ற பெண்ணை முக்காலியில் உட்காரவைத்து, எதிரே குந்தி அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஷாரோன். செங்கேணி சாதுவாக உட்கார்ந்திருந்தாள். சற்றுப் பொறுத்துத் தோளை நெளித்தாள்.

"சிஸ்டர்."

"என்னக்கா?"

முக்காலிக்குப் பின்னால் ஏதோ சொத்தென்று தரையில் விழுந்தது. மறுபடியும் ஒன்று. தண்ணீர் சிவப்பாக ஷாரோனின் காலடிக்கு வந்தது.

"பின்னால தேய்க்கறாங்களே, அந்தம்மாகிட்ட போதும்னு சொல்லேன்," என்றாள் செங்கேணி. "அழுக்கு அப்பவே போயிடுச்சி. இப்ப தோலு வருது."