சத்தமில்லாமல் பார்த்த வீடு

வீடியோவில் நடைக்கூடத்தில் மூன்று கதவுகள் இருந்தன. நேரில் இரண்டுதான்.

கோரலீ பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சில மாதத்துக்கு ஓர் ஊர் என்று கனடாவின் மனிடோபா மாகாணம் முழுக்க அலையும் ஒப்பந்த நர்ஸ். வீட்டை நேரில் பார்த்து வாடகைக்கு எடுக்கும் கொடுப்பினை அவளுக்கு எங்கே? வீட்டுக்காரி முரியல் அனுப்பிய வீடியோவை வார்டு இடைவேளையில், நோயாளிகள் விழித்துவிடக் கூடாதென்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஹீட்டர் ஓடுமா, கார் எஞ்சின் உறையாமலிருக்க வெளியே ப்ளக் உண்டா என்று மட்டும் எழுதிக் கேட்டாள். மகளைப் பற்றி மூச்சு விடவில்லை. குழந்தை என்றாலே வீட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும்.

"அம்மா, என் ரூம் எது?" பனியில் நனைந்த சாக்ஸோடு டெஸ்ஸா உள்ளே ஓடினாள்.

"ஏய் வாலு, சாக்ஸைக் கழட்டுடி! தரையெல்லாம் ஈரம்!"

பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது.

சாயங்காலமே இருட்டிவிடும் ஜனவரி. தரைக்கடியில் ஹீட்டர் முனகிக்கொண்டிருக்க, துவாரங்களிலிருந்து தூசி கருகும் வாசனையும், அதற்குள் புதுப் பெயின்ட் வாசனையும், அதற்கும் உள்ளே ஏதோ பழைய துணி நெடியும் எழுந்து தொண்டையில் ஒட்டின. கோரலீ போனை எடுத்து வீடியோவை ஓட்டினாள். முதல்முறையாகச் சத்தத்தோடு.

திரையில் மூன்றாவது கதவு திறந்தது. நீல விரிப்புப் போட்ட சின்னக் கட்டில். முரியலின் குரல், கொஞ்சலாக: "இது உங்க பொண்ணுக்கு."

கோரலீ சட்டென்று நடைக்கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"டெஸ்ஸா?"

சிரிப்பு நின்றிருந்தது.

தரையில் ஈரத் தடங்கள். முதல் கதவைத் தாண்டி. இரண்டாவதைத் தாண்டி. சுவர் வரை. கடைசித் தடத்தில் குதிகால் மட்டும் தெரிந்தது. மீதி சுவருக்கடியில்.

"அம்மா..." சுவருக்குள்ளிருந்து. "கட்டில் சூப்பரா இருக்கு. நீ ஏன் வரல?"

கோரலீ சுவரை அறைந்தாள். உதைத்தாள். நகம் பிய்ந்தது. பெயின்ட்கூட உதிரவில்லை.

கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் டெஸ்ஸா. அம்மா சொன்னபடி ஈர சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சுருக்கம் விழுந்த ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.

பிறகு அந்தக் கை, உள்ளேயிருந்து, கதவைச் சாத்தியது.