காயும்வரை பேசாதே

டெலிபோன் மணி அலறியது.

கடைசி நாற்காலியில் சாயப்போன மௌரீன் மிஸ் சலிப்போடு முன்னறைக்குப் போனாள். ரிசீவரில் இங்கிலீஷில் குழைந்தாள். திரும்பி வந்தபோது கையில் குடை இருந்தது.

"யாரோ மேஜர் சம்சாரம். பார்ட்டியாம். வீட்டுக்கே வந்து முடி சுருட்டி விடணுமாம். ஜல்தி வந்துடறேன். ரெண்டு பேரும் சும்மா உக்காராதீங்க. திங்கக்கிழமை பரீட்சை."

வாசலில் ஜட்கா வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

1943-ம் வருஷம். பெங்களூர் கண்டோன்மென்டில், கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது மௌரீன் மிஸ்ஸின் அழகுப் பயிற்சிப் பள்ளி. ரங்கூனில் குண்டு விழுந்தபோது தப்பி வந்தவள் அவள். முகத்துக்குப் பூச்சு, தலைக்குச் சுருள், கழுத்துக்கும் முதுகுக்கும் மசாஜ்... எல்லாம் கற்றுக்கொடுத்தாள்.

புதன்கிழமை வருகிற வாடிக்கையாளர்களுக்குப் பாதி ரேட். காரணம், அன்று கை வைப்பது மாணவிகள்!

"கை ஐஸ் மாதிரி இருக்குதே." "மெதுவா தேயம்மா, இது கழுத்து, அம்மிக்கல்லு இல்லே." இப்படித் திட்டு வாங்கித்தான் தொழில் கற்க வேண்டும்.

இன்று சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர் கிடையாது. சாயங்காலம் மிஸ்ஸே கடைசி நாற்காலியில் படுத்துக்கொள்வாள். மாணவிகள் அவள் முகத்தில்தான் பூசிக் காட்ட வேண்டும்.

"மிஸ் இல்லேன்னா என்ன, நீ படு பெர்னி. நான் பூசறேன்" என்றாள் ஜோசஃபின்.

பெர்னதெத் படுத்தாள். ஜோகுபாளையத்திலிருந்து தினமும் நடந்து வருகிறவள். சாய்ந்தால் போதும் என்றிருந்தது.

கழுத்துவரை வெள்ளைத் துணி. தலையைச் சுற்றித் துண்டு. எண்ணெய் தடவிய கைகளுக்குப் பருத்தி உறை. முகம் முழுக்க வெள்ளையாக முல்தானி மட்டிப் பூச்சு. கண்களின் மேல் பன்னீரில் நனைத்த பஞ்சு.

"காயற வரைக்கும் பேசாதே. வாயைத் திறந்தா பூச்சு வெடிச்சிரும்."

பேசாமல் இருப்பதைப் பற்றி ஜோசஃபின் புத்தி சொல்வதுதான் வேடிக்கை. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அய்யோ, வெந்நீர் வைக்கக் கரி இல்லே. கடைக்குப் போய்ட்டு வந்துடறேன். யுத்த காலம், க்யூவுல நின்னாத்தான் கிடைக்கும்."

வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பெர்னதெத் தனியாகக் கிடந்தாள்.

க்ரீச்... க்ரீச்...

ஷூ சத்தம். வாசலிலிருந்து இல்லை. கொல்லைக் கதவிலிருந்து!

சத்தம் அவள் தலைமாட்டில் வந்து நின்றது. கிராம்பு வாசனை அடித்தது.

"பேசாதே. பூச்சு வெடிச்சுடும், நேக்குத் தெரியும்" என்றது ஓர் ஆண்குரல். ரொம்பத் தாழ்ந்த குரல். "டானிக் பாட்டில்ல கலந்தாச்சு. நீ சொன்ன அளவுதான். ராத்திரி சாப்ட்டப்புறம் குடிப்பா. கார்த்தால டாக்டர் வந்து ஹார்ட்னு எழுதிக் குடுத்துடுவார். கழுத்து வலி, கழுத்து வலின்னு அவ இங்க வர்றதெல்லாம் இன்னியோட சரி."

பெர்னதெத் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

"சரின்னா விரலை ஆட்டு."

ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

உறை போட்ட அவள் கையை அவன் லேசாகத் தட்டினான். ஷூ சத்தம் வந்த வழியே போய்த் தேய்ந்தது.

அவன் கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தால்? எழுந்திருக்கப் பயந்து வெகுநேரம் அப்படியே கிடந்தாள்.

கழுத்து வலி. டானிக்.

அலர்மேல்மங்கை அம்மாள்!

மல்லேஸ்வரத்திலிருந்து புதன்கிழமை தவறாமல் வருகிறவர். வந்ததும் பெர்னதெத்தைத்தான் கேட்பார். முதல் நாள் பெர்னதெத் சூடான எண்ணெயை அவர் பட்டுப்புடவையில் கொட்டிவிட்டு அழுதபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "புடவை போனாப் போறது. நீ கையைச் சுட்டுண்டியோ?"

அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு உயிரையே கொடுக்கலாம் என்று அன்று பெர்னதெத்துக்குத் தோன்றியது.

போன புதன்கிழமை அவர் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "எங்காத்துக்காரர் புதுசா ஒரு டானிக் வாங்கிண்டு வந்திருக்கார். ஒரே கசப்பு."

ஆத்துக்காரர் சீனிவாசராகவன். அம்மாளைக் காரில் கொண்டுவந்து விடும்போது பெர்னதெத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம். குடியிருக்கும் பங்களா மட்டும் அம்மாளின் அப்பா மகள் பேருக்கு எழுதிவைத்தது.

வாசலில் ஜட்கா வந்து நின்றது. பெர்னதெத் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள்.

"மிஸ்... போலீஸைக் கூப்பிடுங்க மிஸ்... இங்க ஒருத்தன் வந்தான்... டானிக்ல விஷம் கலந்துட்டேன்னு சொன்னான்... இன்னிக்கு ராத்திரி..."

வெடித்த பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மௌரீன் மிஸ் குடையைக் கீழே வைத்தாள். வெகு நிதானமாக வைத்தாள்.

"அவன் முகத்தைப் பார்த்தியா?"

"இல்லே மிஸ். கண்ணுல பஞ்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஜோசஃபின் கரி வாங்கப் போயிருக்கா."

"அவன் திரும்பி வந்தா பேஜாராப் போயிடும். நீ ஆயில் ரூம்ல இரு. நான் வெளியே தாழ்ப்பாள் போட்டுடறேன். ஒருத்தனும் உன்னைத் தொட முடியாது. நான் போலீஸுக்குப் போன் பண்றேன்."

ஆயில் ரூம் என்பது எண்ணெய் டின்களும் துண்டுகளும் அடுக்கிய இருட்டு அறை. தாழ்ப்பாள் விழுந்தது. பெர்னதெத் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முன்னறையில் மிஸ்ஸின் குரல் கேட்டது.

"ஆமா... உடனே வாங்க... கொல்லைப்பக்கமா வாங்க."

போலீஸ் எதற்குக் கொல்லைப்பக்கமாக வர வேண்டும்?

பெர்னதெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் 'நீ சொன்ன அளவு' என்றானே... யாரை நினைத்துக்கொண்டு சொன்னான்? சனிக்கிழமை சாயங்காலம். கடைசி நாற்காலி. வெள்ளைப் பூச்சு பூசிவிட்டால் எல்லா முகமும் ஒரே முகம். ஆனால் சனிக்கிழமைகளில் அந்த நாற்காலியில் படுக்கிற முகம் ஒன்றுதான்.

சாகப்போவது யார் என்று மிஸ் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை!

கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"பெர்னி?" கதவுக்கு வெளியே ஜோசஃபினின் குரல். கரி மூட்டையைக் கீழே போடும் சத்தம். "உள்ளே என்ன பண்றே? யாரு தாழ்ப்பாள் போட்டது?"

"ஷ்ஷ்... மிஸ் எங்கே?"

"முன்னாடி ஜன்னல்ல நிக்கறாங்க. இரு, திறக்கறேன்."

"திறக்காதே."

கதவிடுக்கில் வாய் வைத்துப் பெர்னதெத் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜோசஃபினின் கை தாழ்ப்பாளை அசைத்தது.

"அப்படீன்னா வா, ஓடிடலாம்."

"நான் காணோம்னா மிஸ் அவனுக்குச் சொல்லிடுவா. அவன் நேரா வீட்டுக்குப் போவான். அந்தம்மா வாயில அவனே ஊத்திடுவான். நான் இங்கயே இருந்தாத்தான் அவன் இங்க வருவான்."

"வந்து உன்னை என்ன பண்ணுவான்னு யோசிச்சியாடி?"

யோசித்திருந்தாள்.

"நீ போ. ஜெயராஜ் சாரைப் பாரு. மல்லேஸ்வரம், டானிக் பாட்டில். அதை முதல்ல சொல்லு. நான் அப்புறம்."

இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் இவர்கள் போகும் மாதா கோயில்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன் பெஞ்சில் உட்காருவார். அவருடைய மீசையைப் பார்த்தாலே அழுகிற குழந்தைகள் கப்சிப் ஆகிவிடும். தினமும் அதற்கு மெழுகு தடவி முறுக்குவார் என்று ஊருக்கே தெரியும்.

"கரி பத்தலே மிஸ். இன்னொரு கடை பார்த்துட்டு வரேன்" என்று ஜோசஃபின் முன்னறையில் சொல்வது கேட்டது. பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே கிடையாது.

அப்புறம் காத்திருப்பு.

ஸ்டேஷனில் ஜெயராஜ் இருப்பாரா? இருந்தாலும் நம்புவாரா? மல்லேஸ்வரத்தில் இந்நேரம் இலை போட்டிருப்பார்களா? பெர்னதெத்துக்கு ஜெபம்கூடப் பாதியில் மறந்து போயிற்று.

கொல்லைக் கதவு திறந்தது. ஏதோ விழுந்தது. "யார் அ—" என்று மிஸ்ஸின் குரல் பாதியில் நின்றது. தடதடவென்று ஓட்டம். பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

நேரம் போயிற்று.

க்ரீச்... க்ரீச்...

பெர்னதெத் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். விளக்கு மங்கலாக எரிந்தது. கடைசி நாற்காலியில் வெள்ளைத் துணி. தலையில் துண்டு. கண்களில் பஞ்சு. வெள்ளை முகம்.

தங்க பிரேம் கண்ணாடியும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒருவர் உள்ளே வந்தார். சீனிவாசராகவன்!

"இந்த நேரத்துலயும் பூச்சா? நல்லதுதான். யாராவது வந்தா பள்ளிக்கூடம் நடக்கறாப்பல இருக்கும். பேசாதே. அந்தப் பொண்ணு எங்கே?"

உறை போட்ட விரல் உயர்ந்தது. ஆயில் ரூமைக் காட்டியது.

ஜோசஃபின் போய்ச் சேரவில்லையா?

"டானிக்ல கலந்ததைச் சொன்னேனே, முழுக்கக் கேட்டுட்டாளா?"

விரல் ஆடியது. ஆமாம்.

"நீதான் படுத்திண்டிருக்கேன்னு அத்தனையும் ஒளறிட்டேன். போறது. ஆத்துக்காரிக்கு ராத்திரி... இவளுக்கு இப்பவே."

அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். முறுக்கினார். தாழ்ப்பாள் நகர்ந்தது.

பெர்னதெத் கைக்கு அகப்பட்ட எண்ணெய் டின்னைத் தரையில் கவிழ்த்தாள். சமஸ்தான உத்தியோகம் ஒரே காலெடுத்து வைத்தது. சர்ரென்று வழுக்கி, தலைப்பாகை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கமாக மல்லாந்து விழுந்தது.

அவர் தலையைத் தூக்கியபோது வெள்ளை முகம் அவருக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. பஞ்சு இல்லை. கையில் ரிவால்வர் இருந்தது.

"பூச்சு காஞ்சிருச்சு, ஸ்வாமி. இப்ப பேசலாம்."

கட்டைக்குரல். ஆண்குரல். மேலுதட்டுப் பக்கம் பூச்சு வெடித்து, பொத்தென்று ஒரு துண்டு உதிர்ந்தது.

"நீ... நீ யாரு? மௌரீன் எங்கே?"

"பின்சந்துல போலீஸ் வண்டியில உக்காந்திருக்காங்க. உங்களுக்கும் பக்கத்துல இடம் போட்டு வச்சிருக்கோம்."

திரைக்குப் பின்னாலிருந்து ஏட்டு விலங்கோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஜோசஃபின். ஒரு கையில் பூச்சுக் கிண்ணம், இன்னொரு கையில் சவரக்கத்தி.

டெலிபோன் மணி அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் போய் ரிசீவரை எடுத்தார்.

"மதலைமுத்துவா? சொல்லு... சரி... சரி..."

ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"நம்ம கான்ஸ்டபிள் மல்லேஸ்வரத்துலேருந்து பேசறான். ஸ்பூன்ல ஊத்தி வாய்கிட்ட கொண்டுபோயிட்டாங்களாம். தட்டி விட்டிருக்கான். பாட்டில் கையில. அந்தம்மா உன்னைக் கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க சார்?"

"கையைக் கிய்யைச் சுட்டுக்கலையேன்னு."

பெர்னதெத் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஜெயராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். சுவர்க்கண்ணாடியைப் பார்த்தார். மழமழவென்றிருந்த மேலுதட்டைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"ஏட்டு, எழுதிக்கோய்யா. கொலைக்குச் சதி ஒண்ணு. கொலை முயற்சி ரெண்டு. அப்புறம்... மீசைக்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கா பாரு."