தரையில் இறக்கிய வாளி

மாலையில் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போன வாளி, காலையில் ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக், பட்டறைக் கதவைப் பிடித்தபடியே நின்றார். ஆள் இறங்கி நிற்கும் அளவு வாளியை இரும்புக் கயிற்றில் தூக்கி, அதன் அடிக்கதவைத் திறந்து மண்ணைக் கொட்டும் அந்தக் காலத்து மண்வாரி அது. துருப்பிடித்துக் கிடந்ததை அவரும் மச்சினனும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஓட வைத்திருந்தார்கள். பிரேக் வழுக்கினால் தொங்குகிற வாளி இறங்கும், சரி. தரையில் கிடக்கிற வாளி ஏறுமா? யாரோ ஓட்டியிருக்க வேண்டும். பட்டறைச் சாவி அவர்கள் இரண்டு பேரிடம்தான் இருந்தது.

"நான் போன பிறகு வண்டிய எடுத்தியா?"

"நானா? நீங்கதான் ஏத்தி வெச்சீங்கன்னு நெனச்சேன் அத்தான்."

பால் குடித்த பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். மனைவிக்கு ஒரே தம்பி, அவள் தூக்கி வளர்த்தவன். 'அவன உங்கள நம்பித்தான் விடுறேன்' என்று அவள் சொன்னதால்தான் கூடச் சேர்த்துக்கொண்டார். இப்போது திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகுகிறான், பழகியதும் தனியாகப் பட்டறை போட்டுவிடுவான் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்தடுத்த நாட்களில் வாளியின் பற்களில் ஈர மண் ஒட்டியிருந்தது. பட்டறைத் தரையோ முழுக்க சிமென்ட். டீசல் நாற்றத்துக்கும் கிரீஸ் வாடைக்கும் அடியில், ஆழமாகத் தோண்டிய குழியின் குளிர்ந்த வாடை காலை முழுக்கச் சுற்றி வந்தது. ஓட்டுநர் இருக்கையில் கை வைத்தால், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இளஞ்சூடு. மச்சினனைக் கேட்டால் தலையைச் சொறிந்தான்.

அந்த வண்டியைக் கிளப்ப இரும்பு ஹேண்டில் ஒன்று உண்டு. வாளிக்குள் இறங்கி வேலை செய்பவர் அதைத் தன்னோடு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார், வெளியே இருப்பவர் மறதியாகக்கூட வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக. அன்று வாளிக்குள் விரிசலை வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது. மச்சினன் கையை நீட்டினான். மெக்கானிக் கொடுக்கவில்லை.

"இனிமே இது என்கிட்டதான் இருக்கும்."

"உள்ள எறங்கப் போறேன் அத்தான்."

"எறங்கு. உன்ன என்ன கொல்லவா போறேன்?"

மச்சினன் முகம் செத்துப்போனது. வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டான். சொன்னது அதிகம் என்று மெக்கானிக்குக்கே சுருக்கென்றது. ஆனாலும் ஹேண்டிலைக் கையில் இறுக்கிக்கொண்டு, டீ குடிக்கத் தெருமுனைக்கு நடந்தார்.

திரும்பும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. பட்டறைக்குள்ளிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. ஹேண்டில் அவர் கையில். அப்படியானால் கள்ள ஹேண்டில் ஒன்று செய்து வைத்திருக்கிறான்! ஆத்திரம் தலைக்கேற, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

வாளி கூரையை ஒட்டித் தொங்கியது. கேபினில், லீவரில் கை வைத்தபடி, மச்சினன்.

"மாட்டினியா! இப்ப என்ன சொல்லப் போற?"

கேபினில் இருந்தவன் திரும்பவில்லை.

மேலே, வாளிக்குள்ளிருந்து, இரும்பில் மோதி வந்தது குரல்.

"அத்தான்! யாரு ஓட்டுறது? நான் உள்ள இருக்கேன்... நிறுத்தச் சொல்லுங்க அத்தான்!"

மெக்கானிக் வாளியையும் கேபினையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேபினில் இருந்தவன் மெல்லத் திரும்பினான். மச்சினன் முகம்தான். அதே மூக்கு. அதே தாடி. கண்கள் மட்டும் மிகப் பழையவை. அவரையே பார்த்தன. இமைக்கவில்லை.

ஒரு கை லீவரை விட்டது. வாளியின் அடிக்கதவைத் திறக்கும் கயிற்றைப் பிடித்தது. சிரித்துக்கொண்டே, சுண்டி இழுத்தான்.